நாற்பத்திரண்டு வீட்டுத் தண்ணீர்

சென்ற மாதம் நாம் எல்லோரும் கூடியபோது என்னை வைத்து ஒரு விளையாட்டு விளையாடினீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். மேஜைமேல் மூன்று டம்ளர் வைத்தீர்கள். ஒன்றில் கேன் தண்ணீர், ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் யாரோ மகன் வீட்டிலிருந்து பிடித்துவந்த மிஷின் தண்ணீர். "எங்கே, ஒன் நாக்கு இன்னும் வேலை செய்யுதான்னு பாப்போம்" என்று ஒருத்தி என் கண்ணைப் பொத்தினாள். எண்பதை எட்டிப் பிடிக்கப் போகிற கிழவிகள் அத்தனை பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போலக் கைகொட்டிச் சிரித்தீர்கள். நானும் உங்கள் ஆசையைக் கெடுப்பானேன் என்று குடித்துப் பார்த்தேன். மூன்றும் ஒரே சப்பென்று இருந்தது.

அதற்குப் பிறகு ஒருத்தி கேட்டாள், "நம்ம கிளாஸ்ல சன்னலோரமா உக்காந்திருப்பாளே, தோல் ஷாப்புத் தெருவுலருந்து வருவாளே, அவ என்னடி ஆனா?" இன்னொருத்தி யோசிக்கவே இல்லை. "அவளுக்குத்தான் பாதியிலேயே கல்யாணம் ஆகிப் போச்சேடி" என்றாள். எல்லோரும் தலையாட்டினீர்கள். நானும் கையிலிருந்த வடையை வாயில் வைத்துக்கொண்டேன்.

அவளுக்குக் கல்யாணம் ஆகிப் போகவில்லை. அது எனக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அறுபது வருஷமாக நாம் எல்லோரும் சேர்ந்து அவளுக்குக் கல்யாணம் பண்ணி வைத்துவிட்டோம். வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. ஆகவே எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுவதானால் திட்டிக்கொள்ளுங்கள்.

நாம் நாலாம் பாரம், இப்போதைய கணக்கில் ஒன்பதாம் வகுப்பு, படித்த வருஷம் அது. மழை பொய்த்து, தை மாதத்திலேயே பள்ளிக்கூடக் கிணறு அடிமண் தெரியக் கிடந்தது. வாளியை விட்டால் டங்கென்று பாறையில் இடிக்கும். திண்டுக்கல்லில் தண்ணீர்ப் பஞ்சம் புதிதல்ல. ஆனாலும் அறுநூறு பெண்பிள்ளைகள் குடிக்க ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல் பள்ளிக்கூடத்தை எப்படி நடத்துவது? ஒரு மாதம் விடுமுறை விட்டுவிடலாம் என்று மேலே எழுதிக் கேட்கச் சொன்னார்கள். தலைமையாசிரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளைக் கதர்ச் சேலை, காதில் ஒரு பொட்டுத் தோடு, நெற்றியில் எப்போதும் ஒரு சுருக்கம். அந்த அம்மாளை நினைவிருக்கும். பிரேயரில் நிற்க வைத்துச் சொன்னார்:

"நாளையிலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் கொண்டு வரணும். வகுப்புக்கு ஒரு பாத்திரம். எல்லார் தண்ணீரும் அதிலேதான். எல்லாரும் குடிக்கிறதும் அதிலேதான். என் வீட்டுத் தண்ணீர், உன் வீட்டுத் தண்ணீர்னு இங்கே கிடையாது."

அந்தக் காலத்தில், அந்த ஊரில், இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அந்த அம்மாளுக்கு இருந்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

நம் வகுப்புக்குப் பாத்திரம் கொடுத்தது பிரியாணிக்கடை பாய். அவர் மகள் நம்மோடு படித்தாள். கடையில் சும்மா கிடந்த பெரிய தேக்சா ஒன்றை, ஈயம் பூசிய செம்புத் தேக்சா, இரண்டு ஆட்கள் கம்பு கொடுத்துத் தூக்கிவந்து வராந்தாவில் வைத்தார்கள். பிரியாணி வெந்த பாத்திரத்தில் தண்ணீரா என்று அன்று சாயங்காலமே நாலைந்து வீட்டிலிருந்து வந்து கேட்டார்கள். தலைமையாசிரியம்மா புளியும் சாம்பலும் வாங்கி வரச்சொல்லி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நம் கண்முன்னால் தானே உள்ளே குனிந்து மூன்று நாள் தேய்த்தார். பாத்திரத்துக்குள் பாதி உடம்பு போய்விடும். வெளியே இரண்டு கால் மட்டும் தெரியும். அதைப் பார்த்துச் சிரித்தோம், ஞாபகம் இருக்கிறதா?

அக்ரகாரத்திலிருந்து வந்த பெண் ஒரு வாரம் அதைத் தொடவில்லை. தனியாகக் கூஜா கொண்டுவந்தாள். ஒரு நாள் டிரில் வகுப்பு முடிந்து நாக்கு வறண்டு வந்தவள், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஒரு டம்ளர் மொண்டு குடித்தாள். பார்த்துவிட்டோம். "நன்னாத்தான்டி இருக்கு, கறி வாசனையே இல்லையே" என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் சொன்னாள். பாய் மகள் உடனே, "பெரிய டீச்சர் மூணு நாள் போட்டுத் தேச்சுட்டாங்கல்ல, இல்லாட்டி ஒனக்கு லேசா மசாலா வாசம் கெடச்சிருக்கும்" என்றாள். அந்த இரண்டு பேரும் அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரே மரத்தடியில்தான் உட்கார்ந்தார்கள். நல்லது எதுவுமே நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற ஆறு பேரும் தூக்குவாளியோடு ஏறினால் கண்டக்டர் தலையில் அடித்துக்கொள்வாராம். "இது பஸ்ஸா தண்ணி லாரியாம்மா?" என்று கேட்பாராம். தோட்டத்து வீட்டுப் பெண் வில்வண்டியில் வருவாள். அவள் தண்ணீரைப் பித்தளைக் குடத்தில் வண்டிக்காரர் தூக்கிவந்து வைப்பார். அவள் அப்பாதான் பள்ளிக்கு நாற்பது பெஞ்சு செய்து கொடுத்தவர், பள்ளிக் கமிட்டியில் இருந்தவர். இத்தனைக்கும் அவளுக்குக் கர்வம் கிடையாது. நான் ரயில்வே குவார்ட்டர்ஸ். எங்களுக்குத் தண்ணீர் ரயில் வேகனில் வரும். இரும்புச் சூடு ஏறிய தண்ணீர்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் தேக்சாத் தண்ணீர் வாயில் வைக்க விளங்கவில்லை. உப்பும் கசப்புமாக இருந்தது. எல்லோரும் துப்பினோம். யாருடைய தண்ணீர் என்று கேள்வி எழுந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்கிற பிள்ளையா நான்? எல்லாப் பாடத்திலும் முப்பத்தைந்தும் நாற்பதும் வாங்கி, பாட்டும் வராமல், ஓட்டமும் வராமல், மூன்றாவது வரிசையில் ஒளிந்து கிடந்தவள். "நான் ஒவ்வொண்ணா குடிச்சுப் பாத்துச் சொல்றேன் டீச்சர்" என்று எழுந்து நின்றேன்.

மறுநாள் காலையில் தையல் டீச்சர் வரிசையாக நிற்க வைத்தார். ஒவ்வொருத்தியும் என் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றுவாள். நான் உறிஞ்சிப் பார்த்துவிட்டு 'சரி' என்றால் தேக்சாவில் ஊற்றலாம். நாற்பதாவதாகவோ என்னவோ வந்தவள் சன்னலோரத்துக்காரி. அவள் அலுமினியத் தூக்குவாளியிலிருந்து ஊற்றிய தண்ணீர் நாக்கில் பட்டதுமே தெரிந்துவிட்டது. "இதுதான் டீச்சர், உப்பு" என்றேன். அவள் தண்ணீரை வராந்தா ஓரத்தில் நட்டிருந்த வேப்பங்கன்றுக்கு ஊற்றச் சொன்னார்கள்.

தையல் டீச்சர் எனக்கு ஒரு நீல ரிப்பன் தைத்துச் சட்டையில் குத்திவிட்டார். தினமும் ருசி பார்ப்பது என் வேலை ஆயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாக்குக்கும் பழக்கம்தான். பத்து நாளில் எந்த வீட்டுத் தண்ணீர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வந்துவிட்டது. பாய் வீட்டுக் கூஜாவில் லேசான சாம்பிராணிப் புகை இருக்கும். சாணார்பட்டிப் பிள்ளைகளின் தண்ணீர் தென்னந்தோப்புக் கிணறு, கொழகொழவென்று இறங்கும். அக்ரகாரத்தில் துளசி. முனிசிபல் குழாய்க்காரர்கள் எல்லோருக்கும் ஒரே பாசி வாசனை. எல்லாவற்றிலும் உசத்தி தோட்டத்து வீட்டுத் தண்ணீர். அவர்கள் கிணற்றின்மேல் ஒரு நாரத்தை மரம் சாய்ந்து நிற்கும், இலை உதிர்ந்து உள்ளே விழும். குடித்து முடித்த பிறகு தொண்டையில் ஒரு மணம் வரும். இப்போது எழுதும்போதும் வருகிறது. வர வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.

சன்னலோரத்துக்காரியைப் பற்றிச் சொல்கிறேன். நம் வகுப்பறைச் சன்னல் வழியாக மலைக்கோட்டை தெரியும். அந்த மொட்டைப் பாறையின் சூடு நேரே அந்தச் சன்னலுக்குள்தான் வரும். அந்த இடம் யாருக்கும் வேண்டாம், அதனால் அவளுக்குக் கிடைத்தது. அவள் அப்பா தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீர்த் தொட்டியில் இறங்கித் தோலை மிதித்துப் பதம் செய்கிற ஆள். காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடித்தால் வகுப்பில் பத்துப் பேர் மூக்கைப் பிடிப்பீர்கள். நானும் பிடிப்பேன். அவள் புத்தகத்தில் இன்னும் கொஞ்சம் குனிந்துகொள்வாள். அவர்கள் தெருவிலிருந்து நாலாம் பாரம்வரை வந்த முதல் பெண் அவள்தான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்று, யாரும் கேட்காமலேயே, ஒரு தரம் என்னிடம் சொன்னாள். கணக்கில் வகுப்பிலேயே அவள்தான் முதல். ஆண்டு விழா நாடகத்தில் ராஜா வேஷமும் அவளுக்குத்தான். குரல் அப்படி. அட்டையில் வெட்டி ஜிகினாத்தாள் ஒட்டிய கிரீடத்தை வைத்துக்கொண்டு அவள் "யாரங்கே" என்றால் ஐந்தாம் பாரத்துப் பிள்ளைகள்கூட வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

தலைமையாசிரியம்மா ஒரு விதி வைத்திருந்தார். தண்ணீர் கொண்டுவருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் வகுப்புக் கணக்கில் ஒரு மார்க். அதிக மார்க் எடுக்கிற வகுப்புக்கு ஆண்டு விழாவில் கேடயம். தண்ணீர் கொண்டுவராத பிள்ளை விழாவில் மேடை ஏறக் கூடாது. எல்லாருக்கும் ஒரே விதி என்பதில் அந்த அம்மாளுக்குப் பெருமை. எந்தத் தெருவில் என்ன கிணறு இருக்கிறது என்று ஒரு நாள் நடந்து போய்ப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. நல்ல மனசு இருந்தால் மற்றது தானாக நடக்கும் என்று நம்பிவிட்டார்.

நான் மூன்று நாள் தொடர்ந்து அவள் தண்ணீரைத் தள்ளினேன். அவள் பெயருக்கு எதிரே சுழி விழுந்தது. நம் வகுப்பு ஐந்தாம் பாரத்தைவிடப் பின்னால் போயிற்று. "அவ ஒருத்தியால இம்புட்டும் போச்சு" என்று முணுமுணுப்பு. எங்கள் வீட்டில் இதைச் சொன்னதும் என் அம்மா, "அவ ஊத்துறத வாயில வச்சியாடி? கையில வாங்குன மாதிரி வாங்கி கீழ விட்டுரு" என்றாள். நானும் நாலாம் நாளிலிருந்து அப்படித்தான் செய்தேன். உள்ளங்கையில் வாங்குவேன், வாய்வரை கொண்டுபோவேன், விரலிடுக்கில் வழிய விட்டுவிட்டு 'உப்பு' என்பேன். உப்புதான் அது, சந்தேகமில்லை. ஆனால் உப்பு என்கிற அந்த ஒரு சொல் எங்கள் அம்மாவுக்கும், இன்னும் எத்தனையோ அம்மாக்களுக்கும், தையல் டீச்சருக்கும் சௌகரியமாக இருந்தது. மனசில் வேறொன்று இருந்ததை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குடிமைப் பாடத்தில் தீண்டாமை குற்றம் என்று மனப்பாடம் செய்து பத்துக்கு எட்டு வாங்கியவள் நான்.

ஒரு நாள் இடைவேளையில் அவளே என்னிடம் வந்தாள்.

"எங்க தெருக் கெணறு அப்படித்தான்டி. ஷாப்புல தோலுக்குப் போடுற உப்பெல்லாம் எறங்கி எறங்கி, எங்காத்தா சோறு ஆக்குனாக்கூடக் கசக்கும்."

"வேற கெணத்துல எடுத்துட்டு வாயேன்" என்றேன்.

அவள் செத்த நேரம் என் முகத்தையே பார்த்தாள். நான் கிண்டல் செய்கிறேனா, நிஜமாகவே தெரியவில்லையா என்று பார்த்திருக்க வேண்டும்.

"ஒங்களுக்கு ரயில்ல வருது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் தூக்குவாளியோடு வரிசையில் நின்றாள். நான் வழக்கம்போல விரலிடுக்கில் வழியவிட்டு 'உப்பு' என்று சொல்ல வாயெடுத்தேன். "குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுடி" என்றாள். குரல் தாழ்ந்துதான் இருந்தது, ஆனால் எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் அவள் என் விரலிடுக்கைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மறுபடியும் ஊற்றினாள். குடித்தேன். நல்ல தண்ணீர். இனிப்பாக இருந்தது. 'சரி' என்றேன். அவள் தேக்சாவில் சொட்டு விடாமல் கவிழ்த்துவிட்டு, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, வகுப்புக்குள் ராஜா நடை நடந்து போனாள். நான் ருசி பார்க்க ஆரம்பித்த பிறகு முதல்முதலாக அவள் பெயருக்கு மார்க் விழுந்தது. அந்தத் தண்ணீரில் எனக்குத் தெரிந்த ஏதோ ஒன்று இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை.

அந்த வாரம் முழுக்க அவளும் தோட்டத்து வீட்டுப் பெண்ணும் வரிசையில் அடுத்தடுத்து நின்றதே இல்லை. இவள் முன்னால் நின்றால் அவள் கடைசியில். நடுவில் முப்பது வீட்டுத் தண்ணீர் என் நாக்கைக் கடந்து போய்விடும். இப்போதுதான் புரிகிறது, அது அவர்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டரம்மா வந்தார். நம் தண்ணீர்த் திட்டத்தை அவருக்குக் காட்ட வேண்டும். தையல் டீச்சர் ஒழுங்காக இருக்கட்டும் என்று வருகைப் பதிவேட்டு வரிசைப்படி நிற்க வைத்தார். தலைமையாசிரியம்மாவுக்கு அன்றைக்கு முகமெல்லாம் சிரிப்பு. என்னை முன்னால் இழுத்து நிறுத்தி, "இந்தப் பிள்ளை ருசி பார்த்தே எந்த வீட்டுத் தண்ணீர்னு சொல்லிடும்" என்றார். "அப்படியா, பார்க்கலாமே" என்றார் வந்த அம்மாள். தன் கைக்குட்டையாலேயே என் கண்ணைக் கட்டினார். பவுடர் வாசனை வந்தது.

முதல் கை. "பாய் வீடு." சிரிப்பு. அடுத்தது. "குழாய்." அடுத்தது. "அக்ரகாரம்." ஒவ்வொன்றுக்கும் கைதட்டல் கூடிக்கொண்டே போயிற்று. என் வாழ்க்கையில் அதற்கு முன்னாலும் பின்னாலும் எனக்காக அப்படி யாரும் கைதட்டியதில்லை.

அப்புறம் ஒரு தண்ணீர். தொண்டையில் நாரத்தை மணம். "தோட்டத்து வீடு" என்றேன். கைதட்டல். அடுத்த தண்ணீர். அதே மணம். "இதுவும் தோட்டத்து வீடு" என்றேன்.

கைதட்டல் வரவில்லை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"தப்பு, தப்பு. இது வேற" என்று தோட்டத்து வீட்டுப் பெண்ணின் குரல் அவசரமாக வந்தது. "டீச்சர், அவளுக்கு நாக்கு மரத்துப்போச்சு, போதும் டீச்சர்."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தனை பேர் முன்னால், இன்ஸ்பெக்டரம்மா முன்னால், என் ஒரே ஒரு கெட்டிக்காரத்தனம் பொய்யாகிப் போகிறதே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்கட்டைப் பிடுங்கி எறிந்தேன். "இல்ல டீச்சர்! ரெண்டும் ஒரே கெணறுதான். நாரத்தை வாசம் அடிக்குது. வேணும்னா நீங்க குடிச்சுப் பாருங்க. பந்தயம்!" என்று கத்தினேன்.

எதிரே தோட்டத்து வீட்டுப் பெண் நின்றாள். அவளை ஒட்டி, அலுமினியத் தூக்குவாளியோடு சன்னலோரத்துக்காரி நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்தாள். நானும் திரும்பினேன். பித்தளைக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க நின்ற வண்டிக்காரர், அவள் கையிலிருந்த தூக்குவாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்குப் போனார்.

தையல் டீச்சர் இரண்டு பாத்திரத்திலிருந்தும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "அட, நிஜந்தான்! ரெண்டும் ஒரே தண்ணிதான்!" என்றார். இன்ஸ்பெக்டரம்மா "சபாஷ்" என்று என் முதுகில் தட்டினார். மறுபடியும் எல்லோரும் கைதட்டினீர்கள்.

சாயங்காலம் தோட்டத்து வீட்டுப் பெண் என்னைப் பள்ளிக்கூடக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள். அவள் அழுதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"நான்தான்டி எடுத்துக்கச் சொன்னேன். அவ எங்க தோட்டத்து வழியாத்தான நடந்து வாரா. விடியக்காலம் நானே எறச்சு ஊத்துவேன். அவ கெணத்தத் தொடக்கூட இல்ல. ஒனக்கு எதுக்குடி இந்த நாக்கு?"

மறுநாள் அவர்கள் தோட்டத்தில் கிணற்றை இறைத்தார்கள். ஊரெல்லாம் தண்ணீருக்கு அலைந்துகொண்டிருந்த அந்தக் கோடையில், இரண்டு ஜோடி மாடு பூட்டி, இரண்டு நாள் இறைத்து, அவ்வளவு நல்ல தண்ணீரையும் ஓடையில் விட்டார்கள். அப்புறம் மந்திரம் சொல்லி மஞ்சள் நீர் தெளித்தார்கள். சன்னலோரத்துக்காரியின் அப்பாவை வரச்சொல்லி, வேலிக்கு வெளியே வெயிலில் மத்தியானம்வரை நிற்க வைத்தார்களாம். அடிக்கவில்லை. தங்கள் மகளே இறைத்து ஊற்றினாள் என்பதை அந்த வீட்டில் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இனிமேல் அந்தப் பெண் தோட்டத்து வழியாக நடக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார்கள். பள்ளிக்கூடத்துக்கு வேறு வழி மூன்று மைல் சுற்று. அதுவும் அவர்களுடைய ஆட்கள் குடியிருக்கிற தெரு வழியாகத்தான். அவர் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாராம். வண்டிக்காரர்தான் அன்று சாயங்காலமே வீட்டில் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் தோட்டத்து வீட்டுப் பெண்தான் என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் பாரம் படிக்கும்போதும் பேசவில்லை.

தலைமையாசிரியம்மா தோட்டத்து வீட்டுக்குப் போனார். அன்று சாயங்காலம் அவர் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். அறைக்குள் போய் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். மறுநாள் பிரேயரில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏற்கனவே வந்த நாற்பது பெஞ்சோடு, புதுக் கிணறு ஒன்றும் தோண்டித் தருவதாகத் தோட்டத்து வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். அறுநூறு பிள்ளைகளையும் ஒரு பிள்ளையையும் அந்த அம்மாள் எடைபோட்டுப் பார்த்திருப்பார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன்மேல தப்பு இல்லம்மா, நீ உண்மையைத்தானே சொன்னே" என்றார். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் நன்றியோடு வாங்கிக்கொண்டிருப்பேன். அந்த அன்பான வார்த்தைதான் இத்தனை வருஷமாக என் தொண்டையில் நிற்கிறது.

சன்னலோரத்துக்காரி அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை. கேடயம் நமக்குத்தான் கிடைத்தது. நாடகத்தில் ராஜா வேஷத்தை யாரோ போட்டார்கள், யார் என்று நினைவில்லை. கிரீடம் அவள் தலைக்கு அளவெடுத்துச் செய்தது, இவளுக்குக் கண்வரை இறங்கிவிட்டது, எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கிரீடம் எங்கே போயிற்றோ. தேக்சாவை மட்டும் பாய் மழை வந்த பிறகு திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

நான் ருசி பார்ப்பதை விட்டுவிட்டேனா என்று கேட்பீர்கள். விடவில்லை. வருஷம் முடிகிறவரை ரிப்பனைக் குத்திக்கொண்டு தினமும் நாற்பத்தொரு வீட்டுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன். எல்லாவற்றையும்விட எனக்கு வெட்கம் தருவது அதுதான்.

முழுப் பரீட்சைக்கு முந்தின வாரம் அவள் வந்தாள். மத்தியான நேரம், எல்லோரும் வகுப்புக்குள் இருந்தீர்கள். அன்றைக்குத் தேக்சாவைப் பார்த்துக்கொள்கிற முறை என்னுடையது. அவளுடைய அப்பாவும் வந்திருந்தார். வெளுத்த சட்டை போட்டிருந்தார். முழங்கைவரை கைகள் பட்டைச் சாயம் ஏறிச் சிவந்து கிடந்தன. அவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். அவள் மட்டும் ஆபீஸ் அறைக்குள் போய், டி.சி. காகிதத்தை வாங்கி நாலாக மடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பழைய தாவணி ஒன்றைப் புதிதாகப் போட்டிருந்தாள். அவளை அப்படிப் பார்த்ததும் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு நீட்டினேன்.

அவள் வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை.

"கையை நீட்டு" என்றாள்.

நீட்டினேன். என் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினாள்.

"குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லு. யாரு வீட்டுத் தண்ணி?"

குடித்தேன். விரலிடுக்கில் ஒரு சொட்டு வழியவிடாமல் குடித்தேன். ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் கலந்து கிடந்தது.

"எல்லார் வீட்டுத் தண்ணியுந்தான்" என்றேன்.

"எங்க வீட்டுது?"

அவள் டம்ளரில் இருந்ததை, முன்பெல்லாம் தன் தண்ணீரை ஊற்றிய அதே வேப்பங்கன்றுக்கு ஊற்றிவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். எங்கே போனாள், நர்ஸ் ஆனாளா, பிழைத்துக் கிடக்கிறாளா, எனக்குத் தெரியாது. தேடவும் இல்லை. கல்யாணம் ஆகிப் போகவில்லை என்பது மட்டும் தெரியும்.

இன்னும் ஒன்று. அவள் கேட்டைத் தாண்டும்வரை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சித்திரை வெயில். அவள் அப்பா செருப்பில்லாமல் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார். என் பக்கத்தில் தேக்சா நிறையத் தண்ணீர் இருந்தது. அவருக்கு ஒரு வாய் வேண்டுமா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.